இரண்டு மலை, ஒரு சூரியன் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஓவியப் பாடவேளை என்றால் கரும்பலகையில் இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் தென்னை மரம். குழந்தைகள் அதைப் பார்த்து வரைகிறார்கள். இல்லையென்றால் அச்சடித்த படத்துக்குள் வண்ணம் தீட்டுகிறார்கள். கோடு, வடிவம், நிறம், மேற்பரப்பு (சொரசொரப்பு, வழவழப்பு), இடவெளி (எது முன்னால், எது பின்னால் என்பது) ஆகிய கலையின் அடிப்படைகளில் ஒன்றுகூட இப்படிப் பிடிபடாது. வகுப்பாசிரியரே இவற்றைக் கற்பிக்க முடியும். ஒரு பாடவேளைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோட்டுக்குப் பென்சில் தேவையில்லை. அழிரப்பரும் அளவுகோலும் வேண்டவே வேண்டாம். ரப்பர் கையில் இருந்தால் ஆறு வயதுக் குழந்தை பாதி நேரம் அழித்துக்கொண்டேதான் இருக்கும். சாக்பீஸைத் தண்ணீரில் ஒருமுறை முக்கிக் கொடுத்து, சிமெண்ட் தரையில் நேர்க்கோடு, வளைகோடு, நெளிகோடு போடச் சொல்லலாம். காய்ந்ததும் கோடு பளிச்சென்று தெரியும். அதிக நேரம் ஊறினால் சாக்பீஸ் உடைந்துவிடும். பிறகு ஐந்து புள்ளியில் ஒரு சிக்குக் கோலம் போடவைத்தால் கை தானாக வளையும்.

மேற்பரப்பைக் காட்டப் பூவரசு அல்லது அரச இலை நல்லது. நரம்பு புடைத்த பக்கம் மேலே இருக்க, அதன்மீது மெல்லிய தாளை வைத்து, காகித உறையை உரித்த கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். படம் விழவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஓவிய நோட்டின் தடித்த தாள்தான், அல்லது கிரேயானின் முனையால் தேய்த்திருப்பார்கள். சருகு நொறுங்கும், தளிர் நசுங்கும். முற்றிய பச்சை இலையே சரி.

நிறத்தில்தான் ஆசிரியர்கள் அதிகம் சோர்ந்துபோகிறார்கள். அரசு வழங்கும் கிரேயான் நன்றாகக் கலக்காது. நிறக் கலவைக்குப் போஸ்டர் கலர் வேண்டும். ஒரு தேக்கரண்டி மஞ்சளில் தீக்குச்சி நுனியளவு நீலம் சேர்த்தால் பச்சை வரத் தொடங்கும். நீலத்தில் மஞ்சளை ஊற்றினால் எவ்வளவு ஊற்றினாலும் போதாது, வண்ணம்தான் வீணாகும். வெளிர்நிறத்தில் அடர்நிறம் என்ற வரிசையை மாற்றவே கூடாது. ஆரஞ்சு சாயல் உள்ள சிவப்போடு நீலம் சேர்ந்தால் ஊதா வராது, மண் நிறம்தான் வரும். ஊதாவுக்கு ரோஸ் சாயல் உள்ள சிவப்பை வாங்குங்கள். தொடக்கத்தில் கறுப்பைக் கண்ணில் காட்டாதீர்கள். தூரிகை கழுவும் தண்ணீரை அடிக்கடி மாற்றாவிட்டால் எல்லா நிறமும் சாம்பலாகிவிடும்.

வடிவத்தையும் இடவெளியையும் சேர்த்தே காட்டலாம். பழைய செய்தித்தாளில் பெரிது, நடுத்தரம், சிறிது என வட்டம், முக்கோணம் வெட்டச் சொல்லி, தாளின்மீது நகர்த்திப் பார்க்க விடுங்கள். ஒன்று இன்னொன்றை மறைத்தால் எது முன்னால் இருக்கிறது என்று கேளுங்கள். பசையைக் கடைசிப் பத்து நிமிடத்தில் கொடுங்கள். முன்பே கொடுத்தால் யாரும் நகர்த்திப் பார்க்க மாட்டார்கள். வீடு, மரம், மனிதர் எல்லாவற்றையும் தாளின் அடியில் ஒரே கோட்டில் நிறுத்துவது அந்த வயதின் இயல்பு. அதைப் பிழையென்று திருத்தி மதிப்பெண் குறைப்பது பெரும் அநியாயம்.

மஞ்சள், நீலம், ரோஸ் சிவப்பு, வெள்ளை என நான்கு போஸ்டர் கலர் பாட்டில்களை வகுப்புக்கு ஒரு தொகுப்பாகப் பள்ளி மானியத்தில் வாங்கத் தலைமையாசிரியர்கள் முன்வர வேண்டும். தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சியில் நிறக் கலவைக்கென ஓர் அரைநாளைக் கல்வித் துறை ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓவியப் பயிற்றுநர்கள் சிலர்,
மதுரை.