120-க்கு 45: எங்கள் கேமுக்கு முகம் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில், புதிய கேப்ஸ்யூல் படங்களோடு (கடையில் கேமை அடையாளம் காட்டும் அட்டைப்படங்கள்) எங்கள் ஸ்டோர் பக்கம் திரும்ப வந்துவிட்டது. அந்தப் படங்களை நெருக்கடியான ஒரு கெடுவுக்குள் மாற்ற வேண்டியிருந்தது; அது ஏன் என்பது இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். அதை மறுபடி கிளற மனமில்லை. யார் யார் கைகொடுத்தார்கள் என்பதை மட்டும் இந்த நெகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி, பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் ஓவியருக்கு. எங்களுக்கு முன்பின் தெரியாதவர். யாரும் கேட்காமலே ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் ஒரே ஒரு படம், அதன் கீழே சில வரிகள், அவ்வளவுதான். எங்கள் கேப்ஸ்யூலை 120-க்கு 45 பிக்சலாகச் சுருக்கி, ஸ்டீமின் கருநீலப் பின்னணியில், அதே வகைக் கேம்கள் பலவற்றுக்கு நடுவே வரிசையில் வைத்திருந்தார். பக்கத்திலேயே அதே வரிசை, நிறத்தை எடுத்துவிட்டுக் கருப்பு வெள்ளையில். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை கிடையாது. வாங்க வருபவர் பார்க்கும் இடத்தில் எங்கள் படத்தைக் கொண்டுபோய் வைத்தார். அவர் செய்த உதவி அதுதான். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஏன் 120-க்கு 45? ஸ்டீமுக்கு நாம் ஏற்றும் சின்ன கேப்ஸ்யூல் 462-க்கு 174 பிக்சல். அதிலிருந்து 184-க்கு 69, 120-க்கு 45 என்ற இரண்டு பிரதிகளை ஸ்டீம் தானாகவே உருவாக்கிக்கொள்கிறது. அந்த இரண்டும் நம் கைக்கு வராது. சுருக்கிய பிறகு கூர்மையைக் கூட்டலாம், ஓர் எழுத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே சுருங்கினாலும் நிலைக்கும் வலு 462 அகலப் படத்திலேயே இருக்க வேண்டும். 120-க்கு 45-இல் மொத்தம் 5,400 பிக்சல்தான் மிஞ்சும். முதன்மை கேப்ஸ்யூலான 1232-க்கு 706-இல் இருப்பதில் ஏறத்தாழ நூற்றறுபதில் ஒரு பங்கு அது. பெரிய திரையில் பெரிதாக்கிப் பார்த்து வரைகிற நாம் ரசித்துச் செதுக்கும் கவசத்தின் பொறிப்பு, தூரத்து மலைமேல் பனி, எழுத்துக்குள் விரிசல் எல்லாம் அங்கே சாம்பல் கலங்கலாகிவிடும்.

அவர் எழுதியவற்றில் முதலாவது எழுத்தின் தடிமன் பற்றியது. 462-இலிருந்து 120-க்குப் போகும்போது எல்லாமே 3.85 மடங்கு சுருங்குகிறது. 4 பிக்சல் தடிமனுள்ள கோடு ஒரு பிக்சலாகிப் பின்னணியோடு கலந்துபோகும். குறைந்தது 8 பிக்சல் இருந்தால்தான் அங்கே 2 பிக்சல் கிடைக்கும், கண்ணும் அதை எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். கோடுகளைப் போலவே எழுத்துக்குள் இருக்கும் ஓட்டைகளுக்கும், இரண்டு எழுத்துக்கு நடுவே உள்ள இடைவெளிக்கும் இதே கணக்குதான். தடிமனை மட்டும் கூட்டி இடைவெளியை விட்டுவிட்டால் தலைப்பு முழுக்க ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். தலைப்பு நீளமாக இருந்தால் இரண்டு வரியாக உடைத்து, முக்கியமான சொல்லைப் பெரிதாக்க வேண்டும். சின்ன கேப்ஸ்யூலில் லோகோ, அதாவது வரைந்த தலைப்பு, ஏறக்குறைய முழு இடத்தையும் பிடித்துக்கொள்ளலாம். ஓவியம் அங்கே நிறத்தையும் மனநிலையையும் தந்தால் போதும்.

அடுத்தது அந்தக் கருப்பு வெள்ளை வரிசை. இந்த மடலில் ஒன்றை மட்டும் எடுத்துப்போவதென்றால் இதை எடுத்துப்போங்கள். சிவப்பும் பச்சையும் நிறமாகப் பார்த்தால் எதிரெதிர். நிறத்தை எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடலாம், பின்னணியில் தலைப்பு காணாமல் போகும். கண் உருவத்தைப் பிரித்தறிவது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான். நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கோ அது இன்னும் பெரிய துணை. இதில் இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் சேர்கிறது. ஜேபிஜி (JPG) வகைப் படக்கோப்பின் சுருக்கத்தில் வெளிச்சத் தகவல் முழு நுணுக்கத்தோடு இருக்கும், நிறத் தகவலைப் பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். கருநீலத்தின் மேல் மெல்லிய சிவப்பு எழுத்து ஓரங்களில் அழுக்காகத் தெரிவது இதனால்தான். சிவப்பு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைச் சுற்றி வெளிர் ஓரமோ பின்னால் வெளிச்சமான திட்டோ தேவை. பின்னணி, உருவம், தலைப்பு என்று மூன்றே வெளிச்ச அடுக்குகள், ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து தெளிவாக விலகி இருக்க வேண்டும். வெளிச்சம் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான், எங்கள் படத்தை மாற்றியமைத்ததும் இதுதான்.

ஓரங்களையும் அவர் விடவில்லை. ஸ்டீமின் பின்னணி கருநீலம் என்பதால் நான்கு ஓரமும் இருண்டிருக்கும் இரவுக்காட்சி அதில் கரைந்துவிடும், படத்துக்கு வடிவமே இல்லாமல் போகும். திகில் கேம் செய்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஓர் ஓரத்திலாவது நிலவொளியோ மூடுபனியோ வந்து முட்டினால் எல்லை தெரியும். மேல் இடது மூலையில் விஷ்லிஸ்ட் (விருப்பப் பட்டியல்), லைப்ரரி (ஏற்கெனவே வாங்கிய கேம்கள்) என்று காட்டும் பட்டைகள் வந்து உட்காரும் என்பதால் தலைப்பின் முதல் எழுத்தை அங்கே வைக்கக் கூடாது.

உருவம் ஒன்றே போதும் என்றும் எழுதியிருந்தார். தலையும் தோளும், அல்லது கேமை அடையாளம் காட்டும் ஒரே ஒரு பொருள். நான்கு கதாபாத்திரங்களை வரிசையாக நிறுத்தினால் ஒவ்வொரு முகத்துக்கும் ஐந்தாறு பிக்சல் அகலம்தான் மிஞ்சும். எங்களுக்கு இதில் முழு உடன்பாடு. கூடவே ஒன்று சேர்த்துக்கொள்கிறோம்: அந்த ஓர் உருவம் கேமின் வகையைச் சொல்ல வேண்டும். கட்டுமான கேமுக்கு வாளேந்திய வீரன் நின்றால் சண்டையை எதிர்பார்ப்பவர்கள் உள்ளே வந்து, முதல் ஸ்கிரீன்ஷாட்டிலேயே திரும்பிப் போவார்கள். கட்டிக் களிக்க விரும்புகிறவர்கள் கதவைத் திறக்கவே மாட்டார்கள்.

அறிமுகமில்லாத ஒருவரின் வேலைக்காக இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து அந்த வரிசையை அடுக்கியிருக்கிறார் என்பதை நினைத்தால் இன்னும் தொண்டை அடைக்கிறது. ஐயா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறோம். நீங்கள் அனுப்பிய அந்தப் படத்தை அச்செடுத்து ஒட்டி வைத்திருக்கிறோம்.

மற்றவர்களுக்கும் சேர்த்து நன்றி. மூல ஓவியத்தைப் பின்னணி, உருவம், ஒளி, லோகோ என்று தனித்தனி லேயராக (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாளாக) பிரித்துக் கொடுத்தவருக்கு. அது இல்லாமல் ஒரே ஓவியத்தை 920-க்கு 430 ஹெடராகவும் (பக்கத்தின் தலைப்புப் படம்), 748-க்கு 896 செங்குத்து கேப்ஸ்யூலாகவும், 600-க்கு 900 லைப்ரரிப் படமாகவும் மாற்றியிருக்கவே முடியாது. வெட்டினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றிலும் உருவத்தையும் தலைப்பையும் மறுபடி இடம்பார்த்து வைக்க வேண்டும். உருவத்தை முழங்கால் வரையாவது வரைந்து வைத்தால்தான் செங்குத்துப் படத்தில் அடியில் வெற்றிடம் விழாது. லைப்ரரியில் கேமின் பக்கத்து மேலே விரியும் 3840-க்கு 1240 ஹீரோ படத்தில் எழுத்து கூடாது என்பதையும், முக்கியமானவை நடுவிலுள்ள 860-க்கு 380-க்குள் இருக்க வேண்டும் என்பதையும் கடைசி நேரத்தில் நினைவுபடுத்தியவருக்கு. விருதுச் சின்னம், விமர்சன மதிப்பெண், தள்ளுபடி வாசகம் எதுவும் கேப்ஸ்யூலில் இருக்கக் கூடாது என்ற 2022 செப்டம்பர் 1 முதலான ஸ்டீம் விதியை எடுத்துக்காட்டி, கேமின் பெயரும் அதிகாரபூர்வ துணைத்தலைப்பும் தவிர மற்ற எழுத்தையெல்லாம் அகற்றவைத்தவருக்கு. ஜப்பானிய, கொரியத் தலைப்பு லோகோக்களை அந்தந்த மொழியின் எழுத்து மரபு கெடாமல் வரைந்து தந்த இருவருக்கு. இன்னொரு கேம் தளமான இட்ச்.ஐஓ-வுக்கான 630-க்கு 500 அட்டைப்படத்தைத் தனியாக அமைத்தவருக்கு. பிக்சல் ஓவியத்தை முழு எண் மடங்கில் மட்டுமே பெரிதாக்கி, கட்டங்கள் கோணாமல் காப்பாற்றியவருக்கு. தங்கள் கைபேசியில் திறந்து பார்த்துப் படம்பிடித்து அனுப்பிய ஒவ்வொருவருக்கும்.

இந்தக் கடனை இரண்டு வழிகளில் அடைக்க நினைக்கிறோம். மேலே சொன்ன எல்லா அளவுகளும், பட்டைகள் மறைக்கும் மூலையும், கருநீலப் பின்னணியும், கருப்பு வெள்ளை லேயரும் கொண்ட மாதிரிக் கோப்பை இலவசமாக வெளியிடுகிறோம். எங்களைப் போல இண்டி (சிறு, தனித்தியங்கும்) கேம் செய்கிற யாராவது தங்கள் கேப்ஸ்யூலை அனுப்பினால், அதை 120-க்கு 45-ஆகச் சுருக்கி அதே வகைக் கேம்களுக்கு நடுவே வைத்து, பக்கத்தில் நிறமில்லாத வரிசையோடு திருப்பி அனுப்புவோம். எங்கள் கேம் விற்றாலும் விற்காவிட்டாலும் இதைத் தொடர்வோம். 462-க்கு 174 படத்தை பிஎன்ஜி (PNG) கோப்பாக அனுப்பினால் போதும்.

நன்றியுடன்,
கேம் குழுவினர்