போன் தெரியவில்லையா? முதலில் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவல்லிக்கேணியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மேன்ஷன்களில் தங்கி டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். ஹால் டிக்கெட், சான்றிதழ், பாடக்குறிப்பு எல்லாம் போனில்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் இணைத்தும் போன் தெரியவில்லை என்றால், டிரைவர் (போனோடு கம்ப்யூட்டர் பேச உதவும் மென்பொருள்) இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

சமீபத்தில் ஒரு தம்பி இதற்காகத் தன் லேப்டாப்பைப் பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொடுத்திருக்கிறார். எல்லா கம்பெனி போனுக்கும் ஒத்துவரும் 'போர்ட்டபிள் டிரைவர்' என்று பென்டிரைவிலிருந்து எதையோ ஏற்றியிருக்கிறார்கள். அது ஏறுவதற்காக, டிரைவர் நம்பகமான இடத்திலிருந்து வந்ததா என்று பார்க்கும் விண்டோஸின் டிஜிட்டல் கையொப்பச் சோதனையையும் நிறுத்தியிருக்கிறார்கள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை, பணம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறமும் போன் தெரியவில்லை. பிரவுசரைத் திறந்தால் விளம்பரமாகக் கொட்டியது. அவர் வைத்திருந்தது சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள். என் கடைக் கேபிளை மாட்டியதும் போன் தெரிந்துவிட்டது.

மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பி மட்டும் இருக்கும், தகவல் போகும் கம்பி இருக்காது. கேபிள் சரியாக இருந்தாலும், ஆண்ட்ராய்டு 6 முதல் போன்கள் முதலில் சார்ஜ் நிலையில்தான் இணையும். போனின் லாக்கைத் திறந்து, மேலிருந்து இழுத்தால் வரும் யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்ற வேண்டும். ஃபைல் மாற்றுவதற்கான டிரைவர் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வைத்திருந்தாலும் டிரைவரைத் தேட வேண்டாம்.

இன்னொன்றும் பார்க்கலாம். போனை மாட்டும்போது, இணைந்த கருவிகளைப் பட்டியலிடும் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் எந்த மாற்றமும் இல்லையென்றால், கம்ப்யூட்டருக்குப் போன் வந்ததே தெரியவில்லை என்று பொருள். கேபிள், போர்ட், போனின் அமைப்பு இவற்றில்தான் கோளாறு. எந்த டிரைவரும் அதைத் தீர்க்காது. மஞ்சள் ஆச்சரியக்குறியோடு போன் தெரிந்தால் மட்டும் டிரைவரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் விண்டோஸ் அப்டேட்டில் உள்ள விருப்பத் தேர்வு அப்டேட்டுகளையோ போன் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்தையோ பார்த்தால் போதும். கூகுளின் பிக்சல் போனுக்கு, ஆப் உருவாக்குபவர்களுக்குத் தேவைப்படும் டிரைவரை கூகுளே இலவசமாகத் தருகிறது.

டிரைவரைச் சாதாரண மென்பொருள் போல நினைக்கக் கூடாது. அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு ஏறி, பல நேரங்களில் சிஸ்டத்தின் அடிமட்டத்திலேயே அமர்ந்துவிடும். பென்டிரைவில் வந்தாலும், வேலை செய்ய வேண்டுமானால் சிஸ்டத்துக்குள் ஏறியே ஆக வேண்டும். பென்டிரைவைப் பிடுங்கினால் அது போய்விடாது. 64 பிட் விண்டோஸ் கையொப்பம் கேட்பதே இந்த ஆபத்தினால்தான். அதை நிறுத்தச் சொல்லும் எந்த டிரைவரையும் தொடாதீர்கள். படிக்கிற பிள்ளையின் லேப்டாப்பில் வங்கிக் கணக்கும் ஆதார் நகலும் இருக்கின்றன. கேட்காமல் அதில் கைவைப்பது பெரிய அநியாயம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலும் மற்ற இடங்களிலும் கேபிள் விற்பவர்கள், சார்ஜுக்கு மட்டுமா, ஃபைலும் போகுமா என்று அட்டையிலேயே எழுதி விற்க வேண்டும். பழுது பார்ப்பவர்கள் எந்தத் தளத்திலிருந்து எடுத்த டிரைவர் என்பதை பில்லில் குறித்துக் கொடுக்க வேண்டும். அடுத்த தேர்வு அறிவிப்பு வரும்போது உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் மேன்ஷன் பிள்ளைகள் கண்ணில் நிச்சயம் படும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை-5