கொப்பியில் ஏறின பெயர்கள்

பாலையூற்று, திருகோணமலை
ஒக்டோபர் 2021

அன்பு மகனுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் ஏறி இறங்கிக்கொண்டு நிற்கிறது, மற்றும்படி ஒரு குறையும் இல்லை. முதலாம் திகதி விடிய நாலு மணியோடு கொரோனா ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். சனம் கடைத்தெருவில் நிற்கிற நிலையைப் பார்த்தால், நாளைக்கே திரும்பப் போட்டுவிடுவார்களோ என்று எல்லாரும் பயப்படுகிறமாதிரிக் கிடக்கிறது.

போன கிழமை கதைக்கும்போது, உங்கள் கோயில் பங்கில் தனித்திருக்கிற தமிழ் முதியோரைப் பார்க்கிற குழுவுக்கு உன்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். "கோயில் பூட்டிக் கிடந்த நேரம் நீங்கள் அங்க என்னம்மா செய்தனீங்கள்?" என்று கேட்டாய். சின்னவன் அழத் தொடங்க, பாதியில் வைத்துவிட்டாய். அதுதான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

கோயில் பூட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பூசைகள் நின்று, அடுத்த ஞாயிறு கர்தினால் தன் இல்லத்துச் சிற்றாலயத்தில் வைத்த பூசையை டிவியில்தான் பார்த்தோம். ஒரு வருசம் முடிய முன்னம், 2020 மார்ச் 20ஆம் திகதி, பின்னேரம் ஆறு மணிக்குக் கொரோனாவுக்காக ஊரடங்கு. தவக்கால வெள்ளி, சிலுவைப் பாதை நாள். அந்த வருசம் குருத்தோலை ஞாயிறுக்கு அப்பா வளவுத் தென்னையில் ஓலை வெட்டித் தந்தார். உயிர்ப்புப் பூசையையும் வீட்டு விறாந்தையில் போனுக்கு முன்னால் இருந்துதான் கண்டோம்.

பேஸ்புக்கில் பூசை போட்டது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் மார்ச் 27ஆம் திகதி கொட்டுகிற மழையில், ஒரு சனமும் இல்லாத பேதுரு சதுக்கத்தில் நின்று ஆசீர்வாதம் கொடுத்ததைப் பார்த்து நானும் அழுதவள்தான். ஆனால் ரச் போன் இல்லாத வீடு எத்தனை? போன் இருந்தும் டேட்டாவுக்குக் காசில்லாத வீடு எத்தனை? எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போன் கணக்குக் காட்டும். ஆர் பார்க்கவில்லை என்று அதற்குத் தெரியாது.

எங்கள் பங்குத் தந்தை அதை முதல் கிழமையிலேயே விளங்கிக்கொண்டார். பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரையும் போனில் பிடித்து, ஆளுக்கொரு கொப்பி எழுதச் சொன்னார். வீட்டில் ஆர் ஆர், எவருக்கு என்ன மருந்து, எந்தக் கிளினிக், நாட்கூலியா மாதச் சம்பளமா, வீட்டில் என்ன போன். எழுதத் தொடங்கினபிறகுதான் தெரிந்தது, கடைசி வாங்கில் இருந்துவிட்டு நன்மை (நற்கருணை) கொடுக்கிற நேரத்தோடு எழும்பிப் போகிறவர்களின் பெயர் ஒருவருக்கும் தெரியாது. வருசக்கணக்காய் முகம் தெரியும், வீடு தெரியாது. விசாரித்து விசாரித்து அவர்களையும் கொப்பியில் ஏற்றினோம். பிறகு ஆளுக்குச் சில வீடுகள் என்று பிரித்துக்கொண்டோம். "இந்த வீட்டை நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பெடுக்காத வீட்டை ஒருவரும் பார்க்கமாட்டார்கள் மகன். உன் குழுவிலும் முதல் வேலை இதுதான்.

வட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் சுகமா?" என்று போட்டால் கைகூப்பின படம்தான் வரும். ஆளை எடுத்துக் கதைக்கவேணும். எடுத்தாலும், "ஏதும் தேவையா அன்ரி?" என்று கேட்டால் "ஒண்டும் வேண்டாம் பிள்ளை, ஆண்டவர் புண்ணியத்தில எல்லாம் கிடக்கு" என்பார்கள். அதனால் நான் "இண்டைக்கு என்ன கறி?" என்றுதான் தொடங்குவேன். ஒரு வீட்டில் கேட்கிற நேரமெல்லாம் சோறும் சம்பலும் என்றே பதில் வந்தது. அங்கே அடுத்த கேள்வி தேவைப்படவில்லை. மருந்தும் அப்படித்தான். இருக்கா என்று கேளாதே. மாத்திரைக் கார்ட்டைக் கையில் எடுத்து, இன்னும் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல்லச் சொல். கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்புகிற ஏற்பாடு வந்தது. ஆனால் விலாசத்தையும் கிளினிக் இலக்கத்தையும் ஆஸ்பத்திரிக்கு அறிவிக்க ஓர் ஆள் வேணுமே. எங்கள் பொடியன்கள் அந்த வேலையைப் பார்த்தார்கள்.

சாமான் கொடுத்த கதையையும் சொல்லவேணும். வின்சென்ட் டி போல் சபைக்காரர் வழக்கமாய் இரண்டு பேராய் வீட்டுக்குள் போய் இருந்து கதைத்துவிட்டுத்தான் வருவார்கள். 1833இல் பாரிஸில் ஓசானாமும் கூட்டாளிகளும் தொடங்கின காலம் தொட்டு வீடு சந்திக்கிறதுதான் அவர்களின் வேலை. இப்போது படலைக்கு உள்ளே போக ஏலாது. ஊரடங்குப் பாஸ் எடுத்தவர்கள் அரிசி, மா, பருப்பு, சீனி கட்டிக் கொண்டுபோனார்கள். தேடித் தேடி ஏழை வீட்டு வாசலில் மட்டும் வைத்தால் ஒழுங்கை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆகவே ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் ஒரே பொதி, சைவ வீடு, முஸ்லிம் வீடு உட்பட. வசதியுள்ளவர்கள் அடுத்த நாள் தங்கள் பொதியோடு இன்னொன்றையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார்கள். படம் எடுக்கக் கூடாது என்று பாதர் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார். பொதியை வாங்குகிறவரின் முகத்தைப் பேஸ்புக்கில் போடுகிற பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. அந்தப் படத்துக்குப் பயந்தே பட்டினி கிடக்கிற சனம் இருக்கிறது.

அந்த வருசக் கடைசியில் பேலியகொடை மீன் சந்தையில் நோய் பரவ, நாடு முழுக்க மீன் வாங்க ஆளில்லை. முன்னாள் அமைச்சர் ஒருவர் பத்திரிகைக்காரருக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினாரே, நீயும் பார்த்துச் சிரித்தாய். எங்கள் கடற்றொழில் குடும்பங்களுக்கு அது சிரிப்பில்லை. விற்க ஏலாமல் வந்த மீனை அவர்கள் வீசவில்லை. கொப்பியைப் பார்த்து வீடு வீடாய்க் கொடுத்தார்கள். மார்ச்சில் பொதி வாங்கின வீடுகள் அவை. நல்ல சூடை மீன். அப்பா அந்த மாதம் முழுக்க வேறு கறி கேட்கவில்லை.

கடினமானது மரணம்தான். 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்தால் எரிக்கத்தான் வேணும் என்று சட்டம் வந்தது. அடக்கம் செய்ய விட்டது 2021 பெப்ரவரி கடைசியில், அதுவும் ஓட்டமாவடியில் மட்டும். முஸ்லிம் சனம் பட்ட வேதனை உனக்குத் தெரியும். எங்கள் வயதான சனத்துக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை. எரிப்பதற்குத் திருச்சபை 1963இலேயே அனுமதி தந்துவிட்டது என்று பாதர் எவ்வளவோ விளக்கினார். சட்டத்துக்கு அனுமதி உண்டு, மனம் வரவேண்டாமா? தாயின் முகம் பார்க்காமல் இருந்த ஒரு மகளுக்கு, எட்டாம் நாள் வரைக்கும் ஒவ்வொரு இரவும் ஏழு மணிக்குப் போன் எடுத்துச் செபமாலை சொன்னோம். பட்டன் போன், ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிடுவாள். செபமாலையின் ஐந்து பத்துமணிக் காரணிக்கமும் முடிந்தபிறகு ஒன்றும் பேசமாட்டாள். நாங்களும் பேசமாட்டோம், வைக்கவும் மாட்டோம். அவள் வைத்தபிறகுதான் வைப்போம். சாம்பல் கிடைத்தபிறகு சேமக்காலையில், எங்கள் கல்லறைத் தோட்டத்தில், அடக்கம் செய்தார்கள். அதற்குக் குழி வெட்ட வந்தவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா.

உனக்குச் சின்னனில் புனித யோசேப் வாஸ் கதை சொல்லியிருக்கிறேன். ஒல்லாந்தர் காலத்தில் இந்த நாட்டில் குருக்கள் இல்லை, பகிரங்கப் பூசை இல்லை. ஊர் மூப்பரும் செபம் நடத்துகிற அண்ணாவியும் வீட்டுக்குள் செபம் சொல்லி விசுவாசத்தைக் காப்பாற்றினார்கள். 1697இல் கண்டியில் பெரியம்மை வந்து சனம் நோயாளியை விட்டுவிட்டு ஓட, கோவாவிலிருந்து வந்த குருவான யோசேப் வாஸ் நின்று புண் கழுவினார். 2015இல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக்கினபோது நாங்கள் காலிமுகத்திடலுக்குப் பஸ்ஸில் போனோமே. அப்போது அது பழைய கதையாகத்தான் பட்டது. பாதர் முகக்கவசமும் கையுறையும் போட்டு, பஞ்சில் எண்ணெய் தொட்டு நோயாளிக்குப் பூசுவதைப் படலைக்கு வெளியே நின்று பார்த்தபோது அப்படிப் படவில்லை.

இனி உன் விசயம். அங்கே மாடிக் கட்டடங்களில் இருக்கிற அம்மாமாருக்கு அரிசி தேவையில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபிறகு வாய் திறந்து தமிழ் கதைக்க ஆளில்லை, அவ்வளவுதான். அவர்களைப் பார்க்கப்படவேண்டியவர்கள் என்று மட்டும் எழுதிவைக்காதே. எங்கள் கொப்பியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், இடுப்பு முறிந்து கட்டிலோடு. அவரைப் பார்க்க வேணும் என்று என் பொறுப்பில் எழுதியிருந்தது. இரண்டாம் தரம் எடுத்தபோது, "எனக்கும் சில நம்பர் தாவன், படுத்துக்கொண்டு சும்மாதானே கிடக்கிறன்" என்றார். கொடுத்தேன். என்னைவிட வடிவாகச் செய்தார். படிப்பித்த பிள்ளைகளாதலால் அதட்டியும் கேட்பார், ஒருவரும் அவருக்குப் பொய் சொல்லத் துணியவில்லை. போன கிழமையும் எனக்கு எடுத்து, அப்பா சீனி பார்த்தவரா என்று கேட்டு, நான் தடுமாற, "திகதியைச் சொல்லும்" என்றார்.

அதனால் உன் பட்டியலில் குரல் நல்லாய் இருக்கிற இரண்டு கிழவிகளைத் தெரிந்தெடுத்து, ஆளுக்குச் சில நம்பர் கொடுத்துப் பார். போன் பில்லைப் பங்கு கட்டட்டும். மூத்தவளுக்கு முதல் நன்மை எப்போது என்று இன்னும் சொல்லவில்லை. திகதி தெரிந்தால் உடனே எழுது, உடுப்புத் தைக்க நாள் வேணும்.

அன்புடன்,
அம்மா