லெவோடோபாவின் அளவும் நேரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) பற்றிய உங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரையில் லெவோடோபாவுக்குக் கிடைத்தது ஒரே வரி. அதைப் பயனுள்ள மருந்தாக்கிய டாக்டர் ஜார்ஜ் கோட்சியாஸின் பெயரே இல்லை. அவர் பட்ட பாடு தெரிந்தால், மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

கிரீட் தீவில் 1918இல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் மாங்கனீசை ஆராய்ந்தார். சிலி நாட்டுச் சுரங்கங்களில் மாங்கனீசுத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நடுக்குவாதம் போலவே உடல் இறுகியது. மூளையின் கருநிறமி குறைவதே கோளாறு என்று எண்ணி மூன்று பொருட்களைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டில் நோய் முற்றியது. டோபாவில்தான் பிடி கிடைத்தது.

டோபா அப்போதே தெரிந்த பொருள்தான். 1961லேயே வியன்னாவில் ஊசியாகப் போட்டார்கள். பலன் நீடித்து நிற்கவில்லை. கோட்சியாஸ் வாய்வழியாகக் கொஞ்சமாகத் தொடங்கி, பொறுமையாக ஏற்றி, நாளுக்கு 3 முதல் 16 கிராம் வரை கொண்டுபோனார். 1967இல் வெளியிட்ட ஆய்வில் 16 பேரில் 8 பேர் நன்றாகத் தேறினர். சிலருக்கு வெள்ளணுக்கள் குறைந்ததால், இடது, வலது என இரு வடிவங்களும் கலந்த டோபாவை விட்டு, இடது வடிவம் மட்டுமான லெவோடோபாவுக்கு மாறினார்.

இன்று கிராம் கணக்கு மில்லிகிராமாகச் சுருங்கியதற்குக் காரணம் கூடவே சேர்க்கும் கார்பிடோபா. மூளையை எட்டுமுன் லெவோடோபா டோபமினாக (உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் வேதிப்பொருள்) மாறுவதை அது தடுக்கிறது. குமட்டலைக் கிளப்புவது அந்த வெளி டோபமின்தான். இதற்கு நாளுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவை. அட்டையில் 110 என்று போட்ட மாத்திரையில் லெவோடோபா 100, கார்பிடோபா 10. மூன்று போட்டாலும் 30தான். 125 என்று போட்டதில் கார்பிடோபா 25 இருக்கிறது. மூன்று போட்டால் 75. குமட்டுகிறதென்று மருந்தையே விடுகிறவர்கள், முதலில் அட்டையின் பின்புறம் உள்ள எண்ணைக் காட்டி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி நேரம் கழித்தோ போடுவது நல்லது. பருப்பு, முட்டை, தயிரின் புரதம் குடலிலும் மூளையின் வாசலிலும் லெவோடோபாவோடு முட்டி மோதும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு கூடாது. மூளைக்குள் டோபமினை மறித்து நோயைக் கூட்டிவிடும். திடீரென நிறுத்தவே கூடாது. கடும் காய்ச்சலும் உடல் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த முறை இந்த நேரக் கணக்கைத் தனிக் கட்டமாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். கத்தரித்து மாத்திரை டப்பாவின் மூடியில் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
மருந்தாளர், தஞ்சாவூர்