1000 கலோரி உனக்குப் போதாது

அன்புள்ள மாலதி,

கடிதம் கிடைத்தது. பையனுக்கு வேலை உறுதியான செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. கைத்தடி இல்லாமலே வீட்டுக்குள் நடமாடுகிறார். எனக்கும் வேலைப்பளு சற்றுக் குறைந்திருக்கிறது.

உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு 1000 கலோரிக்கு மேல் தொடுவதில்லை, சாயங்காலமானால் தலை சுற்றுகிறது, இந்த வாரம் எடை இறங்கவே இல்லை என்று எழுதியிருந்தாய். மாலதி, அந்த 1000-ஐ முதலில் விட்டுவிடு. அது உன் உடம்பைப் பார்த்துச் சொன்ன எண் இல்லை.

உன் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 1990-ல் வந்த மிஃப்ளின் சூத்திரம் என்று ஒன்று உண்டு. உணவியல் நிபுணர்கள் அதிகம் பயன்படுத்துவது. பெண்களுக்கு, எடையை 10-ஆல் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். அதிலிருந்து வயதின் ஐந்து மடங்கையும், அப்புறம் 161-ஐயும் கழிக்க வேண்டும். நீ 80 கிலோ, 160 செ.மீ., வயது 45. வருவது 1414. நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தாலும் இதயம், மூளை, கல்லீரல் எல்லாம் வேலை செய்யவே உன் உடம்பு எடுத்துக்கொள்ளும் அளவு இது. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு இதை 1.2-ஆல் பெருக்குவார்கள். ஏறக்குறைய 1700. எடை கூடாமல் குறையாமல் நிற்க உனக்குத் தேவையானது அவ்வளவு. சூத்திரம் தருவது உத்தேசக் கணக்குதான்; ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இதில் தினமும் 350 கலோரி துண்டு விழுந்தால் போதும். அதாவது 1350 சாப்பிடு. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்று வைத்தால், வாரத்துக்கு 300 கிராம் குறையும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைகிறது, பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடுகிறது. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும், வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி செய். தசை நிற்கும்.

இந்த வாரம் அசையவில்லை என்றாயே, அது பெரும்பாலும் தண்ணீர். உடம்பில் மாவுச்சத்தின் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன், கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உப்பு கூடினாலும், மாதவிலக்கு நெருங்கினாலும் ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். 300 கிராம் குறைந்தது அதற்குள் எங்கே தெரியும்? காலையில் கழிப்பறை போய் வந்ததும் எடை பார்த்துக் குறித்து வை. ஏழு நாள் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடு. ஒரு மாதம் பார்த்த பிறகுதான் 1350-ஐ மாற்றலாமா என்று யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, எண்ணெய். சமைக்கும்போது கண்ணளவாக ஊற்றுவோம், கணக்கு எழுதும்போது ஒரு ஸ்பூன் என்போம். சமைக்கும் முன் எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்துப் பார், முடித்ததும் மறுபடி வை. 14 கிராம் குறைந்திருந்தால் 126 கலோரி போயிருக்கிறது. கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கலோரி. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் 4 தான். மற்றதை உத்தேசமாக எழுதினாலும் எண்ணெயை மட்டும் எடை போட்டு எழுது. துண்டு விழுந்த 350-ல் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு பாட்டிலே ஓசைப்படாமல் நிரப்பிவிடும்.

எடை குறையக் குறைய வேகமும் குறையும், அப்போது மனம் தளராதே. 70 கிலோவுக்கு வரும்போது உனக்கு வேண்டியது 1700 இல்லை, 1580-க்குச் சற்றுக் கீழே. அதே 1350 சாப்பிட்டாலும் துண்டு 230 ஆகச் சுருங்கிவிடும். உடம்பு செலவைச் சற்றுக் கூடுதலாகவே சுருக்கிக்கொள்ளவும் பார்க்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் 2011-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள்: வழக்கத்தைவிடத் தினமும் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டு வந்தால் கடைசியில் நான்கைந்து கிலோ குறையும், அதில் பாதி முதல் ஒரு வருஷத்தில், மீதியில் பெரும்பகுதி மூன்று வருஷத்துக்குள். அதனால் ஐந்து கிலோவுக்கு ஒருமுறை கணக்கைப் புதிதாகப் போடு. நடுவில் ஓரிரு மாதம் குறைக்காமல் அப்படியே நிறுத்தி வைத்தாலும் தப்பில்லை. 80-ல் நான்கு கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியத் தொடங்கும்.

தலைசுற்றலை மட்டும் தள்ளிப்போடாதே, இந்த வாரமே டாக்டரைப் பார். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா? சாப்பாடு குறையும்போது மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். என்ன சொன்னார் என்று உடனே எழுது. முதல் இரண்டு வாரச் சராசரியையும் அனுப்பு, சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
சுமதி