போன வாரம் என்ன பிரசங்கித்தீர்கள், ஐயா? – சிறு சபைகளின் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான போதகர்களுக்கு,

ஸ்தோத்திரம். முப்பது, நாற்பது பேர் கூடும் சபைகளில் வாரந்தவறாமல் பிரசங்கம் செய்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எங்கள் போதகருக்கு மட்டும் எழுதினால் அவரைக் குறை சொல்வது போலாகிவிடும். அவர் அதற்கு உரியவர் அல்ல. நான் பிரசங்கியும் இல்லை, வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்கார்ந்து குறிப்பெடுக்கிற ஆள்.

சென்ற மாதம் அலமாரியை ஒழுங்குபடுத்தியபோது அந்தக் குறிப்பு நோட்டுகள் கையில் அகப்பட்டன. மொத்தம் பதினொன்று. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, அதன் கீழ் வேதபகுதி, பிறகு மூன்று குறிப்புகள். (ஏன் எப்போதும் மூன்று? அதுவும் மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கியாக வேண்டும்: அழைப்பு, அர்ப்பணிப்பு, அபிஷேகம்.) சாயங்காலம் முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன். அருமையான செய்திகள். சிலவற்றை வாசித்தபோது அன்றைக்குக் கண் கலங்கியதுகூட நினைவுக்கு வந்தது. ஆனால் ‘இதைக் கேட்டபின் நான் இன்னது செய்தேன்’ என்று பதினொரு நோட்டிலும் ஒரு வரி இல்லை. எழுத மறந்துபோனேன் என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல.

அதில் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. மத்தேயு 25. ‘வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்’ என்ற வசனத்தின் கீழ் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதே வாரம்தான் எங்கள் சபையின் மூத்த அம்மா ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் அடிபட்டு, வீட்டோடு கிடந்தார். எங்களுக்குத் தெரியாது. ஜன்னலோரம் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலி காலியாகவே கிடந்தது. பிளாஸ்டிக் கைப்பிடி விரிசல் விட்டு முழங்கையைக் கீறுகிறது என்று அவர் அதில் ஒரு நீலத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருப்பார். மூன்று ஞாயிறும் அந்த முடிச்சை நான் பார்த்தேன். வெளியூர் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்களும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். நான்காவது வாரம் அவருடைய மகள் போன் செய்து சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஆயிரம் பேர் வருகிற சபையில் ஒரு நாற்காலி காலியானால் தெரியாது, சரி. நாங்கள் இருபத்தெட்டுப் பேர்.

இதைப் போதகரின் தலையில் கட்ட நான் வரவில்லை. அவர் அன்றைக்குச் சரியான வசனத்தைத்தான் பிரசங்கித்தார். அந்த வசனம் ‘ஆமென்’ என்ற இடத்தோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதுதான் என் கேள்வி.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சிறிய சபையில் இருந்துகொண்டு பெரிய சபையின் பிரசங்கத்தை நாம் இரவல் வாங்குகிறோம். நான்கு சுவருக்குள் முப்பது பேர். அதற்கு இரண்டு ஆளுயர ஒலிபெருக்கி. காணொளியில் கேட்ட பிரசங்கியாரின் ஏற்ற இறக்கம். ‘உங்களில் யாரோ ஒருவர் இன்று மிகுந்த மனபாரத்தோடு வந்திருக்கிறீர்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறீர்கள். ஐயா, யாரென்று உங்களுக்கே தெரியும். வியாழக்கிழமை அவர் வீட்டில்தான் ஜெபித்துவிட்டு வந்தீர்கள். முகந்தெரியாத கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசுகிறவருக்கு அந்த வாக்கியம் தேவைப்படலாம். உங்களுக்கு எதற்கு?

சபை தொடங்கியதே இந்த அளவில்தான். ரோமர் 16-ஐ எடுத்துப் பாருங்கள். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, ரூபு, எனக்கும் தாயாகிய ரூபுவின் தாய் என்று பவுல் பெயர் பெயராக வாழ்த்துச் சொல்லிக்கொண்டே போகிறார். நாம் வேகமாகத் தாண்டிப் போகிற அதிகாரம் அது. பெயர் தெரிந்தவர்களுக்கு எழுதப்பட்ட உபதேசம். சிரியாவில் ஐபிராத்து நதிக்கரையிலிருந்த தூரா யூரோப்போஸ் என்ற ஊரில், சபை கூடுவதற்காக மாற்றியமைத்த ஒரு வீட்டை 1930-களில் தோண்டியெடுத்தார்கள். 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டு அறைகளுக்கு நடுவிலிருந்த சுவரை இடித்துச் சபை அறை ஆக்கியிருக்கிறார்கள். ஏறத்தாழ 13 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். நம்மில் பலருடைய ஜெப வீடும் அவ்வளவுதான் இருக்கும். அந்த அறையில் நின்று யாரும் கத்தியிருக்க வேண்டியதில்லை.

அதற்கும் முன்னால், கி.பி. 155 வாக்கில், பின்னாளில் இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின், ரோமப் பேரரசருக்கு ஒரு மனு எழுதினார். (அதையும் ஒரு திறந்த மடல் என்று சொல்லலாம், அந்தத் துணிச்சலில்தான் நானும் எழுதுகிறேன்.) ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அதில் விவரிக்கிறார். அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இருக்கும் மட்டும் வாசிக்கப்படும். பிறகு நடத்துகிறவர் எழுந்து, வாசித்த நல்ல காரியங்களின்படி நடக்கும்படி புத்திசொல்வார். ஜெபம், அப்பம், திராட்சரசம். வர முடியாதவர்களுக்குப் பங்கு கொடுத்தனுப்பப்படும். வசதியுள்ளவர்கள் விரும்பியதைக் கொடுப்பார்கள்; அது நடத்துகிறவரிடம் சேரும்; அவர் அதைக்கொண்டு அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்போர், அந்நியர் ஆகியோரைக் கவனிப்பார். புத்திசொன்ன அதே ஆளின் கையில்தான் அந்த வார உதவியும் இருந்தது. வராதவர் யார் என்பதும் அன்றைக்கே தெரிந்திருக்கும், பங்கு கொடுத்தனுப்ப வேண்டுமே. அந்த அம்மாவின் நீலத் துணி அவர்கள் கண்ணுக்குத் தப்பியிருக்காது.

இன்னொன்று. கூட்டம் குறைவாக இருக்கும் ஞாயிறுகளில் ஒரு வசனம் தவறாமல் வரும்: ‘இரண்டுபேராவது மூன்றுபேராவது என் நாமத்தினாலே எங்கே கூடியிருக்கிறார்களோ, அங்கே அவர்கள் நடுவிலே இருக்கிறேன்.’ மழை நாளில் இதைக் கேட்காமல் நான் வீடு திரும்பியதே இல்லை. ஆறுதலான வசனந்தான். ஆனால் மத்தேயு 18-இல் அது எங்கே வருகிறது? ஐந்து வசனம் மேலே போனால், ‘உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து’ என்று இருக்கிறது. அவன் கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் செவிகொடாவிட்டால் சபைக்குச் சொல். சண்டை போட்ட இருவரைச் சேர்த்துவைக்கிற வேலைக்கு நடுவில்தான் ஆண்டவர் ‘நடுவிலே இருக்கிறேன்’ என்கிறார். நாமோ அதை வருகைப் பதிவேட்டுக்கு ஆறுதலாக மாற்றிவிட்டோம்.

இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிற ஒருவரோடு நான் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கட்டடக் கணக்கில் தொடங்கிய ஒரு வாக்குவாதம். திருவிருந்துக்கு முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது நாங்கள் இருவரும் வெவ்வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம். இருபத்தெட்டுப் பேரில் அப்படித் திரும்புவதற்கு நல்ல சாமர்த்தியம் வேண்டும். இத்தனைக்கும் இந்த இரண்டு வருஷத்தில் மன்னிப்பைப் பற்றி நான்கு பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நோட்டில் இருக்கிறது.

இங்கே ஒரு சிக்கலும் உண்டு, மறைக்க வேண்டாம். ‘நம் சபைக்குள் நடப்பதைப் பேசுங்கள்’ என்றால் சில போதகர்கள் சாடை பேசத் தொடங்கிவிடுவார்கள். சிறிய சபையில் சாடை பேசுவதைப் போலக் கொடுமை வேறில்லை. ‘சிலபேர் காணிக்கையில் கஞ்சத்தனம்...’ என்று தொடங்கியதும் எல்லாத் தலையும் ஒரே திசையில் திரும்பும். பெயர் சொல்லவில்லையே என்று போதகர் நினைப்பார். பெயர் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பிரசங்க பீடத்திலிருந்து கல் எறிந்தால் பதில் சொல்ல யாராலும் எழுந்து நிற்க முடியாது. அவர்கள் அடுத்த வாரம் வராமல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

பவுல் எப்படிச் செய்தார் பாருங்கள். பிலிப்பி சபையில் எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் மனத்தாங்கல். கடிதம் சபையில் உரக்க வாசிக்கப்படும், இருவரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் பெயரைச் சொல்லியே, ஒரே சிந்தையாயிருக்கும்படி புத்திசொல்கிறார். யார்மேல் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. ‘இன்னாருக்கு’ என்று தனித்தனியாக இருவரையும் சமமாகக் கேட்கிறார். உடனே அடுத்த வசனத்தில், இவர்கள் சுவிசேஷ விஷயத்தில் என்னோடேகூடப் பிரயாசப்பட்டவர்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் மரியாதை செய்கிறார். அவர்களுக்கு உதவியாயிரு என்று இன்னொருவரையும் வேண்டிக்கொள்கிறார். நாத்தான் தீர்க்கதரிசியோ, பாவம் செய்த ராஜாவிடம் ‘நீயே அந்த மனுஷன்’ என்று சொல்ல தாவீதிடமே நேரில் போனார். இந்த இரண்டு வழியிலும் தைரியம் வேண்டும். சாடைக்கு வேண்டாம்.

சாடை என்ற சந்தேகம்கூட வராமலிருக்க எனக்குத் தெரிந்த எளிய வழி, வேதபகுதியை நீங்களே தேர்ந்தெடுக்காமல் இருப்பது. பல சபைப் பிரிவுகள் பயன்படுத்துகிற, 1992-இல் வெளிவந்த பொது வாசக அட்டவணை மூன்று ஆண்டுச் சுழற்சியில் போகிறது: ஒரு வருஷம் மத்தேயு, அடுத்தது மாற்கு, அப்புறம் லூக்கா, யோவான் இடையிடையே. அது பிடிக்காவிட்டால் ஒரே புஸ்தகத்தை அதிகாரம் அதிகாரமாக எடுங்கள். யாக்கோபு 2-ஆம் அதிகாரம் தன் முறைக்கு வந்தால், ‘குளிர்காய்ந்து பசியாறுங்கள்’ என்று வாயால் மட்டும் சொல்லியனுப்புகிறவர்களை அது பிடிக்கும். பிடித்தது யாக்கோபு; நீங்கள் அல்ல. நீங்கள் தவிர்க்க நினைக்கிற பகுதியும் வந்துசேரும், அது இன்னும் நல்லது.

சரி, நான் கேட்க வந்தது ஒன்றுதான். பிரசங்கத்தின் முதல் ஐந்து நிமிடத்தை எங்களுக்குக் கொடுங்கள். ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, ‘போன வாரம் என்ன கேட்டோம்? அது என்ன ஆயிற்று?’ என்று கேளுங்கள். முதல் வாரம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாதிப் பேருக்கு வேதபகுதியே மறந்திருக்கும். எனக்கு நோட்டு இருக்கிறது, பார்த்துச் சொல்லிவிடுவேன். மூன்றாவது, நான்காவது வாரம் யாராவது ஒருவர், ‘நான் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன், போகவில்லை’ என்பார். அதுவே போதும். அது சாட்சி நேரமாக மாறிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சாட்சியில் எல்லோரும் ஜெயித்தவர்களாகவே வருவார்கள். இங்கே தோற்றதையும் சொல்ல இடம் வேண்டும். நீங்களும் சொல்லலாம். ‘நான் பிரசங்கித்ததை நானே இந்த வாரம் செய்யவில்லை’ என்று ஒரு போதகர் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்டால் அந்த வாக்கியத்தை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதிவைப்பேன்.

ஐந்து நிமிடம் போனால் பிரசங்கம் குறைந்துவிடுமே என்று கவலை வேண்டாம். துரோவா என்ற ஊரில் பவுல் நடுராத்திரி வரை பேசினார். ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். நாங்களெல்லாம் தரைத்தளத்தில் உட்கார்ந்து தூங்குவதால் அடிபடாமல் தப்பிக்கிறோம். அந்த வாலிபன் உயிரோடு எழுந்தபிறகு பவுல் மறுபடி மேலே போய், அப்பம் பிட்டு, விடியும்வரை பேசிக்கொண்டிருந்தார் என்று வாசிக்கிறோம். அங்கே ‘பேசினார்’ என்பதற்கு மூலத்திலுள்ள கிரேக்கச் சொல், எம்மாவுக்குப் போன சீஷர்கள் இருவர் வழியில் பேசிக்கொண்டு போனார்கள் என்ற இடத்திலும் வருகிறது. ஹோமிலி என்று பிரசங்கத்தைக் குறிக்கிற சொல் அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆளுக்கு ஆள் பேசிக்கொள்வது. வழிநடையில் பேசுவது.

உங்கள் வேலைச் சுமை எனக்குத் தெரியாததல்ல. பலர் வாரம் முழுக்க வேறு வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குறிப்பு தயாரிக்கிறீர்கள். கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்த பவுலின் கதையைச் சொல்லி உங்களைத் தட்டிக்கொடுப்பதோடு எங்கள் கடமை முடிந்துவிடுகிறது. வாசலில் நின்று கை குலுக்கும்போது நாங்கள் சொல்வதும் ஒரே வாக்கியந்தான்: ‘செய்தி ரொம்ப ஆசீர்வாதமாயிருந்தது ஐயா.’ எதைப் பற்றி என்று நீங்கள் ஒருநாளாவது திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்காதது உங்கள் பெருந்தன்மை. இனிமேல் கேளுங்கள்.

அந்த அம்மா இப்போது கைத்தடியோடு வருகிறார். நாற்காலியை மாற்றித் தருகிறோம் என்றோம். இதுவே பழகிவிட்டது என்றார். நான்காவது வாரம் அவரைப் பார்க்கப் போன எங்களிடம் அவர் வேறெதுவும் கேட்கவில்லை. மூன்று ஞாயிறும் என்னென்ன வேதபகுதி என்று மட்டும் கேட்டார். முதலாவதை நான் சொல்லவில்லை.

வருகிற ஞாயிறு எங்கள் போதகர் அந்தக் கேள்வியைக் கேட்டால், முதலில் என்னையே கேட்கட்டும். இரண்டு வரிசை முன்னால் இருப்பவருடைய வீட்டுக்கு என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில்தான் இருப்பார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். போவேனா என்று இதை எழுதும்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்காருகிறவன்