ஃபிரிட்ஜில் ஒட்டுகிற மாதிரி ஒரு வகுப்புக் கடிதம்

சேசு மரி சூசை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளியில் டீச்சராக நீ உன் வகுப்புப் பெற்றோருக்கு எழுதி, எனக்கும் அனுப்பிய முதல் வாரத்து வகுப்புக் கடிதத்தைப் படித்தேன். பூ ஓரம், மணி அடிக்கும் படம் எல்லாம் அழகுதான். ஆனால் ஒன்றரைப் பக்கம் படித்து முடித்தும், வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிள்ளை முழுச் சீருடையில் வரணுமா ஜிம் உடையில் வரலாமா என்று பிடிபடவில்லை. திரும்பத் தேடினால், கடைசிக்கு முந்தின பத்தியில் “அத்துடன்” என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது.

உன் கடிதத்தை யார் எப்போது படிக்கிறார்கள் என்று யோசி. வேலை முடிந்து வந்த ஒரு தாயோ தகப்பனோ, ராத்திரி ஒன்பது மணிக்கு, ஒரு கையில் கழுவாத டிபன் டப்பா, மறு கையில் போன். ஒரு நிமிஷம்தான் உனக்குக் கிடைக்கும். நாளைக்கு என்ன கொண்டுவரணும், எதில் கையெழுத்துப் போடணும் என்பதற்காகத்தான் திறக்கிறார்கள். அதனால் தலைப்புக்கு அடுத்த வரியே தேதிகள்தான். கிழமையும் தேதியும் சேர்த்து, செய்யவேண்டியதையும் சேர்த்து எழுது: “வெள்ளி, செப். 18. பூசை 8:30. முழுச் சீருடை, ஜிம் உடை வேண்டாம்.” “அடுத்த வெள்ளி” என்று எழுதாதே. வியாழன் ராத்திரி படிக்கிறவருக்கு அது நாளையா, எட்டு நாள் கழித்தா என்று குழம்பும். மறுநாள் காலையில் பாதி வகுப்பு ஜிம் ஷூவோடு கோவிலில் நிற்கும்.

ஒரே பக்கம். கடிதத்தை வைத்து வீட்டுக்கு அனுப்புகிற ஃபோல்டர் வெள்ளிக்குப் பதில் வியாழக்கிழமை போகட்டும். கேள்வி இருந்தால் வெள்ளிக்கிழமை ஆபீசைக் கூப்பிடலாம், ஏதாவது வாங்கணும் என்றால் சனி ஞாயிறு இருக்கிறது. திங்களன்று காலி ஃபோல்டர் திரும்பி வரணும். தாயும் தகப்பனும் தனித்தனி வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு பிரதி, கேட்காமலே. மின்னஞ்சலில் அனுப்பும்போது முழுக் கடிதத்தையும் ஒரு படமாக்கி ஒட்டாதே. ஸ்பானிஷ் பேசும் வீடுகளில் போனில் தட்டி மொழிபெயர்த்துப் படிப்பார்கள். எழுத்தாக இருந்தால் சுலபம், படமாக இருந்தால் பலருக்கு அங்கேயே நின்றுவிடும். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுவதும் இதற்காகத்தான்.

இனி பாடச் செய்தி. “இந்த வாரம் கணிதத்தில் கழித்தல் கற்றோம், மிக மகிழ்ச்சியான வாரம்” என்று எழுதியிருக்கிறாய். மகிழ்ச்சி சரி, இதை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வார்கள்? ஒரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டு. 52-இல் 37 போக எவ்வளவு? பெற்றோர் படித்தது கடன் வாங்கிக் கழிப்பது. உன் பிள்ளைகள் எண்கோட்டில் தாவுகிறார்கள்: 37-இலிருந்து 40-க்கு 3, 40-இலிருந்து 50-க்கு 10, 50-இலிருந்து 52-க்கு 2, ஆக 15. இதைக் கடிதத்தில் காட்டாவிட்டால் “டீச்சர் தப்பாகச் சொல்லித் தந்திருக்கிறார்” என்று வீட்டில் அடித்துத் திருத்துவார்கள், பிள்ளை அழும். இரண்டு வழியும் சரி, விடை ஒன்றுதான் என்று ஒரு வரி சேர்த்துவிடு.

பிள்ளை எங்கே சறுக்கும் என்பதையும் சொல். 25 என்று விடை வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்: 2-இல் 7 போகாது என்றதும் 7-இல் 2-ஐக் கழித்துவிட்டது. அதற்கு வீட்டிலேயே மருந்து இருக்கிறது. ஐந்து டைம் (பத்து சென்ட் நாணயம்), இரண்டு பென்னி (ஒரு சென்ட் நாணயம்) மேசையில் வைக்கச் சொல். அது 52 சென்ட். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பத்து பென்னி, அதுதான் பேங்க். “எனக்கு 37 சென்ட் கொடு” என்று கேட்கணும். மூன்று டைம் வரும், ஏழு பென்னி வராது. பிள்ளை தானே ஒரு டைமை பேங்கில் போட்டுப் பத்து பென்னி எடுக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். மிச்சம் ஒரு டைம், ஐந்து பென்னி. ஐந்து நிமிஷ வேலை. கடன் வாங்குவது என்றால் என்ன என்பது அதற்குப் பிறகு மறக்காது.

“இன்று பள்ளியில் என்ன நடந்தது?” என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் “ஒன்றுமில்லை” என்றுதான் சொல்லும். சாப்பாட்டு மேசையில் கேட்க ஒரு கேள்வியை ஒவ்வொரு கடிதத்திலும் நீயே கொடு. “விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமா? உங்கள் மேசையில் இருட்டில் வைத்த பை என்ன ஆயிற்று?” என்பது போல, வகுப்பில் இருந்தவர்களுக்கு மட்டும் விடை தெரிந்த கேள்வியாக இருக்கட்டும்.

மறைக்கல்விப் பகுதியில் கவனம் வேண்டும். உன் வகுப்பில் கத்தோலிக்கர் அல்லாத வீடுகளும் இருக்கும். பாவசங்கீர்த்தனம், புது நன்மை என்று எழுதிவிட்டு நகராதே, அது என்ன என்று அரை வரி சொல்: குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, முதன்முதல் நற்கருணை வாங்குவது. பூசையில் நன்மை வாங்காத பிள்ளைகள் கையை நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு வரிசையில் வந்து ஆசீர் வாங்கலாம் என்பதை செப்டம்பரிலேயே எழுதிவிடு. இல்லையென்றால் முதல் பூசையிலேயே ஒரு பிள்ளை கை நீட்டி நிற்கும். தப்பு பிள்ளையுடையது அல்ல.

இந்த 2026–27 நாட்காட்டியில் சில கண்ணிகள் உண்டு. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழா ஞாயிற்றுக்கிழமை வருகிறது, முந்தின நாள் சனி ஹாலோவீன். பிள்ளைகள் புனிதர் வேஷம் போட்டு வருவதை அக்டோபர் 30 வெள்ளிக்கு வை, திங்களுக்குத் தள்ளாதே. திங்கள் கல்லறைத் திருநாள், அதன் ஜெபமும் நிறமும் வேறு. வேஷத்துக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் போதும், கடையில் வாங்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போடு. வாளும் ஈட்டியும் வேண்டாம் என்றும் போடு. புனித ஜார்ஜ் ஆக வர நாலு பையன்களாவது துடிப்பார்கள். துடைப்பத்தோடு மார்ட்டின் தெ போரஸ் வரலாம், அவர் திருநாள் நவம்பர் 3. ஒவ்வொரு பிள்ளையும் “நான் யார்?” என்று ஐந்து குறிப்பு எழுதி வரட்டும், பெயர் கடைசியில். நம் தேவசகாயத்தையும் பட்டியலில் சேர். 2022 மே 15-இல் புனிதர் பட்டம் பெற்றவர், இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர்.

டிசம்பர் 6 புனித நிக்கோலாஸ் திருநாளும் ஞாயிறுதான். வகுப்பு வாசலில் ஷூவைக் கழற்றி வைக்கும் விளையாட்டை 4-ஆம் தேதி வெள்ளிக்கு மாற்று. ஷூவில் போடுவது பென்சிலும் ஆரஞ்சும். கடலை பட்ட சாக்லேட் வேண்டவே வேண்டாம், சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது. பொட்டலத்தில் பொருட்பட்டியல் இல்லாத எதையும் வகுப்புக்குள் விடாதே, பிறந்தநாள் கேக் உட்பட.

பெரிய கண்ணி பிப்ரவரியில். கத்தோலிக்கப் பள்ளி வாரம் 1974 முதல் நடக்கிறது, ஜனவரியின் கடைசி ஞாயிறு தொடங்கும். 2027-இல் அந்த ஞாயிறு 31-ஆம் தேதி, ஆக வாரமே பிப்ரவரிக்குள் விழுகிறது. தினம் ஒரு உடை, ஒரு நாள் பைஜாமா, ஒரு நாள் பெற்றோர் வகுப்புக்கு வருவது என்று ஆபீஸ் அட்டவணை போடும். அதோடு பிப்ரவரி 3 புதன், புனித பிளேசியுஸ் திருநாள், தொண்டைக்கு மெழுகுதிரி ஆசீர். கல்வியாண்டின் நூறாம் நாளும் அதையொட்டித்தான் வரும், பிள்ளைகள் நூறு எண்ணிக் கொண்டுவருவது அப்போது. மூச்சு விடுவதற்குள் 10-ஆம் தேதி திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். வாலண்டைன் நாள் 14, தவக்காலத்து முதல் ஞாயிறு. வழக்கப்படி அதற்கு முந்தின வெள்ளி, 12-ஆம் தேதி வைத்தாயானால், இனிப்பை விட்டுவிடுகிறேன் என்று இரண்டு நாள் முன்புதான் தீர்மானித்த பிள்ளைகளுக்கு முன்னால் இருபத்தைந்து மிட்டாய்ப் பொட்டலம். இறைச்சி தொடாத சுத்தபோசன நாளில் பெப்பரோனி (இறைச்சி) பீட்சாவும் வந்து சேரும். 9-ஆம் தேதி செவ்வாய்க்கே கார்டு கொடுக்கல் வாங்கலை முடித்துவிடு. பெயர்ப் பட்டியலை ஒரு வாரம் முன்பே அனுப்பு, எல்லாருக்கும் கார்டு அல்லது யாருக்கும் இல்லை என்ற விதியோடு.

ஒருசந்தி, அதாவது நோன்பு, 18 வயது முடிந்தவர்களுக்கு, சுத்தபோசனம் 14 முதல். உன் பிள்ளைகளுக்கு இரண்டும் கடமையில்லை. கேன்டீனில் வெள்ளிக்கிழமை இறைச்சி இருக்காது, அவ்வளவுதான். இதைத் தெளிவாக எழுதாவிட்டால் டப்பாவில் ஹாம் சாண்ட்விச் கொண்டுவந்த பிள்ளையை மற்றவர்கள் பாவி என்பார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளின் நியாயத் தீர்ப்பு பொல்லாதது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு ஞாயிறுக்கும் ஒவ்வொரு திரி ஏற்றுகிற திருவருகைக் கால வளையத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். திரி மூன்று ஊதா, ஒன்று ரோஸ், ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு. இந்த ஆண்டு நவம்பர் 29, டிசம்பர் 6, 13, 20. வகுப்பில் நெருப்பு கூடாது, ஆகவே காகிதத் திரிதான். பழைய டாய்லெட் பேப்பர் குழாய் நூறு சேகரிக்கச் சொல்லி எழுதாதே. வந்து சேராது, வந்தாலும் தடிமனாக இருந்து தட்டின் விளிம்பில் நிற்காது. 9 அங்குலக் காகிதத் தட்டின் நடுவை வெட்டி எடுத்தால் மிஞ்சுவது ஒடுங்கிய வளையம்தான். சாதாரண 8½-க்கு 11 தாளை நாலாக வெட்டு. ஒரு துண்டை மார்க்கர் பேனாவைச் சுற்றி இறுக்கமாக உருட்டினால் இரண்டு மூன்று சுற்று வரும், நிமிர்ந்து நிற்கும், உயரம் 4¼ அங்குலம். இருபத்தைந்து பிள்ளைக்கு ஊதா 75 துண்டு, ரோஸ் 25. கிழிவதையும் சேர்த்து ஊதா 21 தாள், ரோஸ் 8 தாள் எடுத்துவை.

தட்டில் நிற்க வைப்பதில்தான் எல்லாம் கெடும். பசைக்குச்சி பிடிக்காது, வீடு போவதற்குள் நாலும் சாய்ந்துவிடும். குழாயின் அடியில் அரை அங்குலம் ஆழத்துக்கு நாலு வெட்டு வெட்டி, பூவிதழ் மாதிரி வெளியே மடக்கி, வெள்ளைப் பசையில் ஒட்டணும். பசை காய ஒரு ராத்திரி வேண்டும். அதனால் நன்றி நாள் விடுமுறைக்கு முந்தின திங்கள், நவம்பர் 23-இல் ஒட்டு, செவ்வாயன்று பச்சை இலை ஒட்டி வீட்டுக்கு அனுப்பு. சுடர் மஞ்சள் காகிதத்தில் தனியாக, ஒரு கவரில் நாலு. ஞாயிறுக்கு ஒன்றாக வீட்டில் செருகணும். நான்கையும் வகுப்பிலேயே ஒட்டிவிட்டால் காத்திருப்பதற்கு என்ன இருக்கிறது? கடிதத்தில் வீட்டு ஜெபமும் நாலு வரிக்கு மேல் போகக் கூடாது. சாப்பாடு ஆறும்.

வகுப்பு விருந்துக்கும் சுற்றுலாவுக்கும் பெற்றோரைக் கூப்பிடுகிற வரியை ஆறு வாரம் முன்பே போடு. 2002-இல் அமெரிக்க ஆயர்கள் பிள்ளைகள் பாதுகாப்புச் சாசனம் கொண்டுவந்தபின், தன்னார்வலராக வருகிறவர்கள் பாதுகாப்புப் பயிற்சியும் பின்னணிச் சோதனையும் முடித்திருக்கணும். விவரங்கள் மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் மாறும், ஆபீசில் கேட்டு அப்படியே எழுது. முந்தின நாள் சொன்னால், கேக்கோடு வாசலில் நிற்கிற தாயைத் திருப்பி அனுப்பவேண்டி வரும். அது உனக்கும் அசிங்கம், அவளுக்கும்.

படங்களில் முகத்தைவிட கையையும் வேலையையும் எடு. ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடாத வீடு ஒன்று இருக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளையின் முகத்தில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினால் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். முழுப்பெயர் எங்கும் வேண்டாம்.

ஜனவரி 4 திங்கள், எலிசபெத் ஆன் சீட்டன் திருநாள். அமெரிக்காவில் பிறந்தவர்களில் முதல் புனிதர், 1810-இல் எமிட்ஸ்பர்க்கில் பெண் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியவர். விடுமுறை முடிந்து வருகிற வாரக் கடிதத்துக்கு அதுவே போதுமான முகப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். தொண்டை கட்டினால் கத்தாதே, மணியை அடி.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

பி.கு.: தவக்காலத்தில் ஏழைகளுக்குச் சில்லறை சேர்க்கிற ரைஸ் பௌல் அட்டைப் பெட்டி தட்டையாக வரும். பிள்ளைகள் மடித்ததும் அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு டேப் ஒட்டிவிடு, சில்லறை கனத்தால் அடி பிய்த்துக்கொள்ளும், பஸ்ஸில் கொட்டும். 1975-இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் தொடங்கியது அது. சேர்வதில் நான்கில் ஒரு பங்கு அந்தந்த மறைமாவட்டத்திலேயே தங்கும், இதையும் கடிதத்தில் போடு, கேட்பார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துக் கோவிலுக்கு வைக்கிற நம் ஊர்ப் பிடி அரிசி மாதிரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லேன். ஒரு கிண்ணம் அரிசியையும் மேசையில் வை, ஆனால் நூறாம் நாள் எண்ணிக்கைக்கு அரிசியைக் கொடுத்துவிடாதே. தரையெல்லாம் வரும்.